சேறு என்று சொல்லக் கூடாது

ஆழ்நில எரிபொருள் தேடல் வாரியம் இதுவரை எங்கேயும் ஒரு சொட்டு எண்ணெய் எடுத்ததில்லை. அதைக் குறையாகப் பேசுகிறவர்களுக்கு வாரியத்தின் பெயரை ஒழுங்காக வாசிக்கத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். அது தேடல் வாரியம். கிடைத்துவிட்டால் தேட முடியாது. தேட முடியாவிட்டால் வாரியம் எதற்கு? இந்த ஆபத்தை உணர்ந்தோ என்னவோ, எண்ணெய் இருக்கும் என்று யாருமே சொல்லாத இடங்களாகப் பார்த்து வாரியம் துளை போட்டுக்கொண்டு வந்தது. அப்படித்தான் முக்கூடல் பக்கம் வந்து சேர்ந்தது.

கால்வாய்க்கு மேற்கே இருந்த மேட்டில் இரும்புக் கோபுரம் நட்டார்கள். கோபுரத்தை ஒட்டிப் பெரிய குழி ஒன்று வெட்டினார்கள். குழியின் கரையைத் தாண்டிக் கீழே இறங்கினால் மணிராஜ் என்ற விவசாயியின் வயல், அரைக்கோட்டை நெல் விதைப்பாடு. அதற்கும் கீழே, மழைக்காலத்தில் ஊர்த் தண்ணீர் எல்லாம் வடிந்து போகிற பள்ளத்தில், வாரியத்தின் முகாம் அலுவலகம். பள்ளத்தில் கொண்டுபோய் ஏன் கட்டிடம் கட்டுகிறீர்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்டதற்கு, வரைபடத்தில் அந்த இடம் சமமாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. வரைபடத்தை விரித்திருந்த மேஜை சமமாக இருந்திருக்கும்.

குழி எதற்கு என்றால், சேற்றுக்கு. ஆழத் துளை போடுகிறவர்கள் வெறும் இரும்பை நம்பித் துளை போடுவதில்லை. வழுவழுப்பான ஒரு களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, கனம் கூட்டக் கல்மாவு ஒன்றையும் கலந்து, குழாய் வழியாக உள்ளே அழுத்துவார்கள். அது அடிவரைக்கும் போய், உடைந்த கல்லையும் சில்லையும் வாரிக்கொண்டு, குழாய்க்கு வெளிப்பக்கமாக மேலே ஏறி வரும். வருகிற வழியில் துளையின் சுவரில் பூச்சும் பூசிக்கொண்டு வரும். அது இருக்கிறவரை சுவர் சரியாது, கீழே இருந்து எதுவும் பீறிட்டு வராது, துளைக்கிற முனையும் சூடேறாது. கோபுரத்தில் வேலை பார்க்கிறவர்கள் அதை இங்கிலீஷில் மட்டு என்பார்கள். ஊரார் சேறு என்பார்கள். வாரியம் என்ன சொல்லும் என்பதுதான் இந்தக் கதை.

ஆனி மாதத்தில் சென்னையிலிருந்து மேலிடத்து அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. குழி அரைகுறையாகக் கிடந்தால் பார்க்க லட்சணமாக இருக்காது என்று, விளிம்பு தளும்பத் தளும்பச் சேற்றை நிரப்பி வைத்தார்கள். மேலிடத்து அதிகாரி வரவில்லை. கரை உடைந்து சேறு வந்தது.

மறுநாள் காலை தண்ணீர் பார்க்க வந்த மணிராஜ் வரப்பிலேயே நின்றுவிட்டான். கார்ப் பருவ நடவுக்காகத் தண்ணீர் கட்டி, மண்ணை உழுது குழைத்துத் தொளியடித்து, பரம்படித்து, கண்ணாடி மாதிரி வைத்துவிட்டுப் போன வயல் அது. இப்போது சாம்பல் நிறத்தில் என்னவோ ஒன்று வரப்புக்கு வரப்பு நிறைந்து கிடந்தது. காலை வைத்துப் பார்த்தான். இளகி உள்ளே வாங்கியது. இது என்ன எழவு என்று யோசித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். அதற்குள் காலைச் சுற்றி இறுகிப் பிடித்துக்கொண்டது. பயந்துபோய் உதறினான்; உதறியதும் பழையபடி இளகிக் காலை விட்டது. அந்த வயலில் அவனுக்குத் தெரியாத மண் இருந்ததே கிடையாது.

அவன் மனைவி சுடலைவடிவு நாற்றங்காலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நாற்று பறிக்கிற பருவத்துக்கு வந்து, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்துக்கிட்டே நின்னா ஆச்சா? நாத்து முத்திக்கிட்டு வருது. கணு விட்டுட்டுன்னா மாட்டுக்குத்தான் அறுத்துப் போடணும். போயிக் கேளுங்க" என்றாள்.

போன பருவத்துப் பிசான நெல் கதிர் வாங்குகிற நேரத்தில் மழையில் படுத்துவிட்டது. இந்தக் கார் நெல்லை நம்பித்தான் வீடு இருந்தது. மறுபடி நாற்றுப் பாவ விதையும் கிடையாது, அதுவரைக்கும் கால்வாயில் தண்ணீரும் வராது. மணிராஜ் காலைக்கூடக் கழுவாமல் முகாம் அலுவலகத்துக்கு நடந்தான்.

வாசல் மேஜையில் நேசையா இருந்தார். வருகிறவர்களை உட்கார வைப்பது அவர் வேலை. மணிராஜ் உட்காரவில்லை.

"ஒங்க சேறு எங்க வயலுக்குள்ள வந்துட்டு வே" என்றான்.

நேசையா எழுந்துபோய் உள்கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அண்ணாச்சி, பைய. அந்த வார்த்தைய இங்கன சொல்லப்பிடாது."

"எந்த வார்த்தைய?"

"அதான், இப்பம் சொன்னீருல்லா, அத."

"வந்துட்டுங்கிறதையா?"

"அதுக்கு முந்தினது."

"வயலா?"

"அதுக்கும் முந்தினது வே."

நேசையா சுவரைக் காட்டினார். 'இந்த அலுவலகத்தில் சேறு என்ற சொல்லைப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டுள்ளது' என்று பலகை மாட்டியிருந்தது. அந்தச் சொல் அந்த அலுவலகத்தில் எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அதுதான்.

இதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. முகாமின் தலைவர் ஞானசம்பந்தன் முன்பு சேற்றுப் பொறியாளர் என்று அழைக்கப்பட்டவர். அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது சம்பந்தி வீட்டார், சார் எந்த வயலில் வேலை பார்க்கிறார் என்று கேட்டுவிட்டார்கள். அந்த மாதமே சொல்லாக்கக் குழு அமைக்கப்பட்டது. குழு பல ஊர்களில் கூடி, ஏராளமான முந்திரிப்பருப்பைத் தின்று தீர்த்து, 'துளைப்பாய்மம்' என்ற சொல்லைக் கண்டெடுத்தது. வாரியம் இதுவரை கண்டெடுத்த ஒரே பொருள் அதுதான். ஞானசம்பந்தன் தலைமைப் பாய்ம மேலாளர் ஆனார். மகள் கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது.

அவர் மணிராஜை உள்ளே கூப்பிட்டு, பொறுமையாகவே விளக்கினார்.

"சேறு என்பது தற்செயலாக உண்டாவது. மழை பெய்தால் உண்டாகும், எருமை புரண்டால் உண்டாகும். துளைப்பாய்மம் அப்படியல்ல. அதன் அடர்த்தியை நாங்கள் நிர்ணயிக்கிறோம், பிசுபிசுப்பை நாங்கள் நிர்ணயிக்கிறோம். ஆகவே, உங்கள் வயலில் இருப்பது சேறு என்றால் அது எங்களுடையது அல்ல. எங்களுடையது என்றால் அது சேறு அல்ல."

"பேரு எதுவா இருந்தாலும் சரிய்யா. எடுத்துட்டுப் போயிருங்க. நாத்து முத்துது."

"நீங்கள் என்ன புகாருடன் வந்தீர்கள்?"

"வயல்ல சேறு கெடக்குன்னு."

"வயலில் சேறு கிடக்கிறது என்று ஒரு விவசாயி புகார் சொல்கிறார்" என்று ஞானசம்பந்தன் கூரையைப் பார்த்துச் சொன்னார். "இதை வேளாண்மைத் துறை அல்லவா விசாரிக்க வேண்டும்?"

மணிராஜ் பஸ் ஏறினான். வழியெல்லாம் மற்றவர்கள் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் அந்தப் பக்கத்து ஜன்னலிலிருந்து இந்தப் பக்கத்துக்கு மாறி உட்கார்ந்தான். இந்தப் பக்கமும் நடவுதான்.

வேளாண்மை அலுவலகத்தில் பெருமாள்ராஜ் என்ற அதிகாரி இருந்தார். நல்ல மனிதர், எதிரில் வந்து நின்றவர்கள் எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லி அனுப்புகிற பழக்கம் உள்ளவர். அவருடைய கம்ப்யூட்டரில் பூச்சி, நோய், வறட்சி, வெள்ளம், காட்டுப்பன்றி ஆகிய கஷ்டங்கள் மட்டுமே இருந்தன.

"வயல்ல சேறு இல்லன்னு ஊருக்கு ஊரு அழுதானுவ. நீரு என்னன்னா சேறு இருக்குன்னு அழுதீரு" என்றார்.

"அது நம்ம தொளி இல்லய்யா. எண்ணெய்க்குத் துளை போடுதாம்லா, அவன் சேறு. கால வச்சா வாங்குது, நின்னா இறுக்குது. அதுல நாத்து எப்படிய்யா வேரு பிடிக்கும்?"

"கால வச்சா வாங்குதுல்லா? அப்பம் பக்குவமாத்தான் இருக்கு. சேறு நல்லாத்தான் இருக்கும் வே. நாள் கடத்தாம நடவு பண்ணும். வாழ்த்துகள்."

திரும்பி வருகிற பஸ்ஸில் மணிராஜ் ஒரு முடிவுக்கு வந்தான். அவர்கள் சொல்லிலேயே சொல்லிவிட்டால் அவர்கள் தட்ட முடியாது. துளைப்பாய்மம், துளைப்பாய்மம் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். பக்கத்தில் இருந்த பெண்மணி, எந்தக் கோயில் மந்திரம் அண்ணாச்சி என்று பக்தியோடு கேட்டாள். நானும் சொல்லிப் பார்க்கிறேனே என்றாள்.

முகாமில் போய் நின்று அதைச் சொன்னதும் ஞானசம்பந்தனின் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலி போடச் சொன்னார். டீ வரவழைத்தார். சாமானியர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது இதுவே முதல் முறை என்று நேசையாவிடம் சொன்னார்.

"இன்னொரு தடவை சொல்லுங்கள்."

"ஒங்க துளைப்பாய்மம் எங்க வயல்ல நிக்குதுய்யா."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. "நிற்கிறதா?"

"ஆமாய்யா. இறுகிப்போயி நிக்குது."

"பாயவில்லை?"

"எங்க பாயுது? கெடந்த கெடையாக் கெடக்கு."

"பாய்மம் என்றால் பாய வேண்டும் அய்யா. நிற்பது எப்படிப் பாய்மம் ஆகும்?"

ஓர் ஓரத்தில் புனலும் குவளையுமாகச் சோதனை பார்த்துக்கொண்டிருந்த ப்ரீதா என்ற இளம் பொறியாளர் தலையை நிமிர்த்தினாள். கல்லிடைக்குறிச்சிப் பெண்; வேலையில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. "சார், நின்னா இறுகறதுதானே அதோட குணம்? பம்ப்பை நிறுத்தினா துளைக்குள்ளயும் அப்படித்தானே நிக்கறது?"

"குணம் வேறு, வரையறை வேறு. குணத்தைப் பொருள் தீர்மானிக்கும். வரையறையைக் குழு தீர்மானிக்கும்" என்றார் ஞானசம்பந்தன். பிறகு கூட்டுப் பார்வைக் குழு ஒன்றை அமைத்தார். குழுவுக்குத் தொப்பி தைத்து வரவேண்டியிருந்ததால் பார்வை தள்ளிப்போனது.

அந்த நாட்களில் மணிராஜால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. சோற்றுத் தட்டில் கை வைத்தவன் பாதியில் எழுந்து நாற்றங்காலுக்குப் போவான். குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கி அடித்தண்டை நெருடிப் பார்ப்பான், கணு தட்டுப்படுகிறதா என்று. இல்லை என்று தெரிந்ததும் வயலுக்குப் போவான். அங்கிருந்து மறுபடி நாற்றங்காலுக்கு. வீட்டுக்கு வந்தால் வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பான்.

"ஏங்க, நீங்க நடக்கதப் பாத்து எனக்குத் தல சுத்துது. செத்த இருங்க" என்பாள் சுடலைவடிவு.

"எப்படி இருக்கச் சொல்லுத? அது அங்கன இருந்துக்கிட்டே இருக்குல்லா" என்பான். அவளுக்கும் உட்கார முடியவில்லைதான். அவள் அதைப் பாத்திரம் தேய்ப்பதில் காட்டினாள்.

ஒருவழியாகத் தொப்பிகள் வந்தன, குழுவும் வந்தது. வரப்பின் மேல் துணிப்பதாகை கட்டினார்கள். வாரியத்தின் செய்தி மடலுக்காகப் படம் பிடிக்க ஒருவர் வந்திருந்தார். ஞானசம்பந்தன் பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவோடு வரப்பில் நின்றார். ஷூவைக் கழற்றிவிட்டு இறங்குங்க அய்யா என்று மணிராஜ் சொன்னான்.

"சேறாக இருந்தால்தான் கழற்ற வேண்டும். அது சேறா என்பதைத்தான் பார்க்க வந்திருக்கிறோம். சேறாக இருந்தால் இது அழுக்காகும். பாய்மமாக இருந்தால் ஆகாது. இதுவே ஒரு சோதனைதான்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவர் இறங்கியதால் குழுவும் ஷூவோடு இறங்க வேண்டியதாயிற்று.

பல கால்கள் மிதித்ததில் சேறு நன்றாக இளகியிருந்தது. ப்ரீதா வரப்பில் இருந்தபடியே ஒரு குவளையில் அள்ளிப் புனலில் ஊற்றினாள். ஒழுகி வந்தது. பாய்கிறது என்றார் ஓர் உறுப்பினர். அதைக் குறித்துக்கொள்ளப் பேனா தேடினார்கள். பேனா கிடைப்பதற்குள் புனலில் மிச்சம் இருந்தது இறுகி, சொட்டுவதையும் நிறுத்திவிட்டது. பாயவில்லை என்றார் இன்னோர் உறுப்பினர். இருவரும் நேர்மையானவர்கள், இருவரும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். அதனால் பாய்ந்து நின்றது என்று எழுதுவதா, நிற்பதற்கு முன் பாய்ந்தது என்று எழுதுவதா என்று சர்ச்சை கிளம்பியது. ஞானசம்பந்தன் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். படம் பிடிக்கிறவரைப் பார்த்துத் திரும்பி நின்று, மைக்கைப் பிடித்து உரையாற்றத் தொடங்கினார்.

"நண்பர்களே, துளைப்பாய்மத்தின் பெருமையை இவ்வூர் மக்கள் அறிய வேண்டும். யாராவது கலக்கிக்கொண்டே இருந்தால் இது தண்ணீர் மாதிரி ஓடும். கலக்குவதை நிறுத்திவிட்டால், நின்ற இடத்திலேயே இறுகிவிடும். அப்படி இறுகும்போது, தான் சுமந்து வந்த எதையும் கீழே போட்டுவிடாது. மேலேயும் அனுப்பாது. உள்ளதை உள்ளபடி, உள்ள இடத்திலேயே தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். மறுபடி யாராவது வந்து கலக்குகிறவரைக்கும், எத்தனை காலமானாலும் நிற்கும். நமது வாரியமும் இதே தத்துவத்தில்தான் இயங்கி வருகிறது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

குழு கை தட்டியது. தன்னுடைய புகார் இத்தனை நாளாக எங்கே இருந்தது என்பது மணிராஜுக்கு அப்போதுதான் விளங்கியது.

உரை முடிந்ததும் வாரியப் பாட்டு. அதைப் பாடும்போது யாரும் அசையக் கூடாது என்பது விதி. பாட்டு பூமித்தாயை வணங்கி, கோபுரத்தைப் போற்றி, குழாயைப் போற்றி, முன்னாள் தலைவர்கள் ஒவ்வொருவரையும் போற்றிக்கொண்டு போனது. அனைவரும் விறைப்பாக நின்றார்கள். சேறும் தன் விதிப்படி நடந்துகொண்டது.

பாட்டு முடிந்து ஞானசம்பந்தன் வலது காலை எடுத்தார். வரவில்லை. இடது காலை எடுத்தார். அதுவும் வரவில்லை. குழுவில் ஒருவராலும் நகர முடியவில்லை. தொப்பிகள் மட்டும் இப்படியும் அப்படியும் திரும்பின.

"சார், இழுக்காதீங்கோ. காலை ஆட்டிண்டே இருங்கோ, இளகிடும்" என்று ப்ரீதா வரப்பிலிருந்து சொன்னாள்.

"அம்மா, நான் தலைமை மேலாளர். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட முடியாது."

அவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் ஊரே கேட்டது.

"நாங்கள் துளைப்பாய்மத்தில் அகப்பட்டிருக்கிறோம்."

"அது எந்த ஊரு பக்கம் சார்?"

"ஊர் இல்லை. துளைப்பாய்மம்."

"யாராவது குடிச்சிட்டாங்களா?"

"குடிக்கிறது இல்லைய்யா. கால் மாட்டிக்கொண்டது."

"மெஷின்லயா?"

ஞானசம்பந்தனின் முட்டியை எதுவோ மெல்ல நெருக்கியது. அவருடைய மேடைத் தமிழ் அங்கேயே கழன்று விழுந்தது. "சேறுய்யா, சேறு. சேத்துல மாட்டிக்கிட்டேன்."

"யாரு சேத்துல?"

"எங்க சேத்துலதான்யா."

வரப்பில் நின்றவர்கள் எல்லாரும் சுடலைவடிவைப் பார்த்தார்கள். அவள் நிதானமாக முந்தானையைச் சொருகிக்கொண்டாள். "ஒத்துக்கிட்டாருல்லா. எறங்குங்க, போயி எடுத்து விடுங்க" என்று புருஷனிடம் சொன்னாள்.

மணிராஜ் இறங்கி மேலாளரைச் சுற்றிச் சுற்றி மிதித்தான். மிதிக்க மிதிக்க இளகியது. அவரும் வேறு வழியில்லாமல் ஆடினார். அவர் ஆடியதும் குழுவும் தைரியமாக ஆடியது. சொல்லி வைத்த மாதிரி எல்லாரும் ஒரே பக்கமாகத் திரும்பி ஆடியதில், கோயில் கொடைக்கு வந்த ஆட்டக்காரர்கள் என்று நினைத்துச் சில குழந்தைகள் ஓடி வந்தன. எல்லாரும் கரையேறினார்கள். ஞானசம்பந்தனின் இடது ஷூ மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

இனி அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று மணிராஜ் அன்றைக்குத்தான் உட்கார்ந்து சாப்பிட்டான்.

மறுநாள் வயலில் ஒரு பலகை நட்டிருந்தது. 'துளைப்பாய்மம். வாரியச் சொத்து. கலக்கக் கூடாது.' பலகைக்குப் பக்கத்தில் நேசையா குடை பிடித்துக்கொண்டு நின்றார். மதிப்பீட்டுக் குழு சென்னையிலிருந்து வந்து பார்க்கிறவரை யாரும் வயலில் இறங்கக் கூடாதாம். குழு தீபாவளி கழித்து வருமாம். ஷூவும் சொத்துக் கணக்கில் சேர்ந்துவிட்டதால் அதையும் தொடக் கூடாதாம்.

"நம்ம வயல்ல நாமளே எறங்கப்பிடாதா?" என்று மணிராஜ் கேட்டான்.

"வயல்ல எறங்கலாம் அண்ணாச்சி. அது மேல கெடக்கதுலதான் எறங்கப்பிடாது" என்றார் நேசையா. பிறகு அவருக்கே மனசு கேட்காமல், "நான் டீ குடிக்கப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கோபுரத்திலிருந்து இறங்கி வந்த ப்ரீதா வரப்பில் நின்று சேற்றைப் பார்த்தாள். "இதுல விஷம் ஒண்ணும் இல்லை அண்ணாச்சி. களிமண்ணும் கல்மாவும்தான். ஆனா துளைச் சுவர்ல பூச்சுப் பூசற மாதிரி உங்க மண்ணு மேலயும் பூசி அடைச்சுடும். காய்ஞ்சா ஓடு மாதிரி ஆயிடும். நிறையத் தண்ணி விட்டு, கலக்கிண்டே இருந்தா கரைஞ்சு போயிடும்." கொஞ்சம் நிறுத்தி, "இதை நான் சொல்லலை" என்றாள்.

"நீங்க எதுக்கும்மா சொல்லணும்? மேனேஜர் அய்யாதான் மைக் வச்சுச் சொல்லிட்டாருல்லா" என்றான் மணிராஜ்.

நாற்றங்காலுக்குப் போய் ஒரு நாற்றைப் பிடுங்கி நெருடினான். விரலில் சின்னதாக ஒரு முண்டு தட்டுப்பட்டது. இருக்கிறதா, பிரமையா என்று தெரியவில்லை. சுடலைவடிவிடம் கொடுத்தான். அவள் நெருடிப் பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அதுவே போதுமாக இருந்தது.

அன்றைக்குக் கால்வாயில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மணிராஜ் மாரிக்கண்ணுவின் டிராக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தான். மாரிக்கண்ணு பக்கத்து வயல்காரர். இரும்புச் சக்கரம் மாட்டியபடியே வந்து இறங்கினார். பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"கலக்கப்பிடாதுன்னு போட்டிருக்காம்லே."

"அவன் சொத்த அவன்ட்டயே அனுப்பப் போறேன். ஒரே ஒரு வார்த்தை அண்ணாச்சி. வண்டி நிக்கப்பிடாது. என்ன ஆனாலும் நிக்கப்பிடாது."

மேல்மடையைத் திறந்துவிட்டார்கள். கீழ்மடையையும் திறந்துவிட்டார்கள். டிராக்டர் சுற்றத் தொடங்கியது. மணிராஜ் மண்வெட்டியோடு பின்னாலேயே ஓடினான். மூலைகளில் டிராக்டர் போகாத இடங்களில் அவனே நின்று மிதித்தான், நிற்காமல் மிதித்தான். ஒரு மூலையை மிதித்துவிட்டு மறு மூலைக்குப் போவதற்குள் முதல் மூலை இறுகப் பார்த்தது. திரும்ப ஓடினான். சுடலைவடிவும் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கி, வாயில் வந்தபடி வாரியத்தைத் திட்டிக்கொண்டே மிதித்தாள். திட்டுக்கும் மிதிக்கும் தாளம் பொருந்திவிட்டதால் அவள் களைக்கவே இல்லை. சாம்பல் நிறம் தண்ணீரில் கரைந்து, கீழ்மடை வழியாகச் சளசளவென்று வடிகாலில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. வடிகால் எப்போதும் போகிற வழியில்தான் போனது. அந்த வழிக்குக் குறுக்கேதான் வாரியம் சுற்றுச்சுவர் எழுப்பி, வாசல் வைத்து, வாசலைத் திறந்து வைத்திருந்தது.

பொழுது சாய்வதற்குள் வயலின் அடியில் பழைய கருந்தொளி தெரிந்தது. மணிராஜ் அதைக் கையில் அள்ளிப் பார்த்தான். தன்னுடைய மண்தான் என்று தெரிந்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அடுத்த மூலைக்கு ஓடினான்.

போன் அடித்தது. நேசையா.

"அண்ணாச்சி, ஆபீசுக்குள்ள சேறு வந்துட்டு வே."

"அந்த வார்த்தைய அங்கன சொல்லப்பிடாதுல்லா."

போன் கை மாறியது. ஞானசம்பந்தன் பேசினார். நாற்காலிகள் முங்குகின்றன என்றார். சேறு என்றார். மறுபடி சேறு என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் தங்குதடையில்லாமல் வந்துகொண்டிருந்தது.

"அய்யா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பாயுதா, நிக்குதா?"

"பாய்ந்துகொண்டுதான்யா வருகிறது."

"அப்பம் அது சேறு இல்லய்யா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மணிராஜ் போனை வைத்தான்.

முகாம் அலுவலகத்தில் எல்லாரும் மேஜைகளின் மேல் ஏறி நின்றார்கள். ஏறிய பிறகு யாரும் அசையவில்லை. ஆகவே கீழே வந்திருந்த சேறும் அசையாமல் இறுகியது. இறுகுவதற்குச் சற்று முன், எல்லாவற்றுக்கும் கடைசியில் இடது ஷூ மிதந்து வந்து மேலாளரின் அறை வாசலில் ஒதுங்கியிருந்தது. ஞானசம்பந்தன் மேஜை மேல் நின்றபடியே ஒவ்வொரு துறையாகப் போன் போட்டார். சேறு எங்கள் துறையில் வராது என்றார்கள். கடைசியில் எல்லாரும் சேர்ந்து அவருக்கு ஓர் அதிகாரியின் எண்ணைக் கொடுத்தார்கள். பெருமாள்ராஜ் எடுத்தார். கட்டிடத்துக்குள் முழங்கால் ஆழத்துக்குச் சேறு என்று ஞானசம்பந்தன் ஏறக்குறைய அழுதார். பெருமாள்ராஜ் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கால வச்சா வாங்குதா?"

"வாங்குகிறது."

"அப்பம் பக்குவமாத்தான் இருக்கு. நாள் கடத்தாம நடவு பண்ணும். வாழ்த்துகள்."

மணிராஜின் வயலில் அதற்கு மறுநாள் நடவு நடந்தது. நாற்று கொஞ்சம் முற்றியதுதான். குத்துக்கு நாலு நாற்று கூடுதலாக வைத்து நெருக்கி நட்டார்கள். பலகையை யாரும் பிடுங்கவில்லை. அதன் மேல் ஒரு கொக்கு உட்கார்ந்து பழகிவிட்டது. பழுப்பாகச் சாய்ந்து கிடந்த பயிர் நிமிர்கிறதா என்று மணிராஜ் காலையும் மாலையும் வரப்பைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு நாள் காலையில் சுடலைவடிவு வரப்பில் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பச்சை பிடிச்சிட்டு" என்றாள். "இனியாவது ஒரு எடத்துல இருங்க."

அவன் அவள் சொன்னபடி வரப்பில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அவனுக்குத் தெரியாமலே கால் ஆடத் தொடங்கியது.